பன்னிரண்டாம் அறைக்கு அப்பால்

அன்று மாலை மேற்குச் சுவரிலிருந்து மூன்று தட்டல்கள் வந்தன.

தையற்காரி ஊசியைக் கீழே வைத்தாள்.

ஏழை முதியவர்களுக்காக எந்தக் காலத்திலோ ஒரு வணிகர் கட்டிவைத்த தர்ம விடுதி அது. ஒரே வரிசையில் பன்னிரண்டு அறைகள். காலையிலும் மாலையிலும் சரியாக ஆறு மணிக்கு முதல் அறைக்காரர் சுவரில் மூன்று முறை தட்டுவார். அதைக் கேட்டு இரண்டாம் அறை மூன்றாம் அறைக்குத் தட்டும். ஈரச் சுண்ணாம்பும் தைலமும் மணக்கும் சுவர்கள் வழியே, இருமல்களையும் ரேடியோ இரைச்சலையும் தாண்டி, உயிரோடிருக்கிறேன் என்ற செய்தி அறை அறையாக நகர்ந்து கடைசியில் பன்னிரண்டாம் அறையில் இவளிடம் வந்து சேரும். இவள் கயிற்றை இழுத்து மணியடிப்பாள். மணி கேட்காவிட்டால் வார்டன் சாவிக்கொத்தோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பார், தட்டாத அறை எது என்று தெரியும்வரை.

தட்டல் எப்போதும் கிழக்கிலிருந்துதான் வரும். அன்றும் வந்து, இவள் மணியும் அடித்தாகிவிட்டது. மேற்கே அறை கிடையாது. புல்தரை, பிறகு மதில்.

வெளியே போய்ப் பார்த்தாள். புல் மிதிபடாமல் நின்றது.

பதினோராம் அறைக்காரர் பழைய கம்பவுண்டர். வாசலில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேற்குப் பக்கம் யாரோ தட்டுறாங்க."

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்திருப்பாங்க." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வார்டன் காதுல போட்டுடாதம்மா. எட்டாம் நம்பர் அம்மா இப்படித்தான் என்னமோ சொன்னாங்க. புத்தி பிசகிடுச்சுன்னு எழுதி, மறுநாளே வண்டியில ஏத்திட்டாங்க."

அவளுக்குப் போக இடமில்லை. மகள் வீட்டில் படுக்க இடமில்லை என்றான பிறகுதான் இங்கே வந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மாலை அது மீண்டும் தட்டியது. அவள் பதிலுக்குத் தட்டவில்லை, அதுவும் விடவில்லை. மூன்று. இடைவெளி. மூன்று. சுண்ணாம்பு உதிர்ந்து தையல் துணிமேல் விழுந்தது.

"ஏம்மா, ஆணி அடிக்கிறியா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கம்பவுண்டர் கத்தினார். "வார்டன் நின்னு கேட்டுட்டுப் போறாரு!"

அவள் விரலை மடக்கி மேற்குச் சுவரில் மூன்று முறை தட்டினாள்.

நின்றது.

பிறகு அந்தப் பக்கம் நகரத் தொடங்கியது. சற்றுத் தள்ளி மூன்று. இன்னும் தள்ளி மூன்று. புல்தரையைத் தாண்டி, மதிலைத் தாண்டி, ஒன்றைவிட ஒன்று மெலிதாக. எண்ணினாள். நாற்பது. மிகத் தொலைவில் ஒரு மணி அடித்தது.

காலை ஆறு மணிக்குக் கம்பவுண்டர் தட்டினார். அவள் கயிற்றை இழுத்தாள். மேற்குச் சுவரைத் தொடவில்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, மிகத் தொலைவில், சாவிக்கொத்து குலுங்கியது.

ஒரு கதவு திறந்தது. மூடியது. அடுத்த கதவு. அதற்கடுத்தது. இந்தப் பக்கமாக.

கிழக்குச் சுவரில் ஓங்கித் தட்டினாள்.

"மணிதான் அடிச்சாச்சேம்மா," என்றார் கம்பவுண்டர். "நீதானே அடிச்ச?" ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

நாற்பது.

கதவே இல்லாத சுவரில், சுண்ணாம்புக்குள், சாவி நுழைந்து திரும்பியது.