கோல் பண்ணினனான்!

"அங்கிள், எங்கட தமிழ் ஃபோனுக்கு வெளங்குமா?"

மூன்றாம் மாடி ரிஸ்னாவின் மகள் ஒருநாள் கேட்டாள்.

கஜீவன் சிரித்தான். "இந்தக் காலத்து ஃபோனுக்கு எல்லாம் விளங்கும், குஞ்சு!"

அந்தச் சிரிப்புக்குத் தண்டனை... ஒரு ஞாயிறு காலை வந்தது!

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஐந்து மாடிக் குடியிருப்பு. சங்கத் தலைவர் சவுந்தரநாயகத்துக்கு நவீன மோகம். லிஃப்ட் வேலை செய்யாது, வெப்சைட் வேண்டும்! பேசினால் அது எழுத வேண்டும். எழுதியதும் எல்லோர் ஃபோனும் அதிர வேண்டும். ஃபோன் பிரவுசரில் அதைச் சோதிக்கும் பொறுப்பு நான்காம் மாடிக் கஜீவனுக்கு.

தலைவரின் கேள்வி திரையில் வந்தது.

'அஞ்சாம் மாடியில தனியா இருக்கிற நாகேஸ்வரிக்கு மீட்டிங் சொல்லியாச்சோ?'

கஜீவன் மைக்கை அழுத்தினான்.

"நாகேஸ்வரி அக்கா... கோல் பண்ணினனான். கதைக்கேல்ல. கட் பண்ணிப்போட்டன்."

வாசித்துப் பார்க்காமலே அனுப்பினான்.

விர்ர்ர்ர்!

எல்லா வீட்டிலும் ஃபோன் அதிர்ந்தது.

'நாகேஸ்வரி அக்கா. கொலை பண்ணினேன். கதை இல்லை. கட் பண்ணிப் போட்டேன்.'

"ஐயோ!" கீழே யாரோ அலறினார்கள்.

கிரிக்கெட் மட்டையோடு பாய்ந்து வந்தார் சவுந்தரநாயகம்.

"எடேய் கொலைகாரா! எத்தினை துண்டு?"

"ஐயா, கொலையில்ல... கோல்! ரெலிஃபோன் கோல்!"

"அப்ப அவ எங்க?"

"அதைத்தானே சொல்றன். ஃபோன் எடுக்கேல்ல!"

பின்னால் வந்த ரிஸ்னாவின் முகம் மாறியது.

"தம்பி... அக்கா விடிஞ்சா பல்கனில பூவுக்குத் தண்ணி ஊத்துவாங்க. இண்டைக்கு காணவே இல்ல. சீனி வருத்தக்காரி வேற..."



மறுகணம், ஐந்தாம் மாடிக்கு ஓடினார்கள்!

தட்டினார்கள். பதில் இல்லை.

"கதவை உடையுங்கோ ஐயா! அந்த மட்டை எதுக்கு?" என்று கத்தினான் கஜீவன்.

கதவு விழுந்தது. சமையலறைத் தரையில்... நாகேஸ்வரி!

"மூச்சு வருது, உசிர் ஈக்கி! கண்ணும் அசையுது!" என்றாள் ரிஸ்னா. "சீனி கொறஞ்சிட்டு போல, சீனித் தண்ணி கொண்டாங்க!"

சிறிது சிறிதாகப் பருக்கினாள். பிறகு களுபோவில ஆஸ்பத்திரி. இன்னும் பிந்தியிருந்தால் உயிர் தப்பியிருக்காது என்றார் டாக்டர்.

சரியான எழுத்து வந்திருந்தால் அந்தக் கதவை யார் உடைத்திருப்பார்? கடவுள் சில வேளை எழுத்துப்பிழையிலும் இறங்கி வருகிறார்.

"பாத்தீங்களோ! உயிர் காக்கிற வெப்சைட்!" என்று மீட்டிங்கில் மாலை போட்டுக்கொண்டார் சவுந்தரநாயகம்.

கஜீவனுக்கு அது காதில் ஏறவில்லை. அந்தச் சமையலறை அலுமாரித் தட்டில் அவன் ஒன்றைக் கண்டிருந்தான்.

பிடியில் நீலக் கம்பி சுற்றிய சிவப்பு பிளாஸ்க்!

போன வருடம் டெங்குவில் அவன் தனியே கிடந்தான். காலை தோறும் கஞ்சியோடு அவன் கதவில் தொங்கியது அதுதான். மணி அடிக்காமல், பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனது யார்? இப்போது தெரிந்துவிட்டது.

நாகேஸ்வரி வீடு திரும்பிய மறுநாள் காலை, அவளுடைய புதுக் கதவில் ஒரு பிளாஸ்க் தொங்கியது. உள்ளே சுடச்சுடக் கஞ்சி.

மணி அடிக்கவில்லை.

"கஞ்சி வைச்சிட்டன், அக்கா," என்று முணுமுணுத்தபடி படியிறங்கினான் கஜீவன்.

கையில் ஃபோன்... மைக் திறந்தபடி!

'நஞ்சு வைச்சிட்டேன் அக்கா.' என்று எழுதிவிட்டு, 'அனுப்பவா?' என்று கேட்டது வெப்சைட்.

பதறி மைக்கை அணைத்தான்.

அவன் செய்ததை யாரும் பார்க்கவில்லை. இருந்த ஒரே சாட்சியும்... பொய்ச்சாட்சி!