இசக்கியம்மாளின் காப்பணுக்கள்

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் காப்புமானிக்குள் விரலை விட வேண்டும். ஊசி குத்துவதே தெரியாது. திரையில் ஓர் எண் விழும். உடம்பைக் காக்கிற காப்பணுக்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கின்றன என்பதுதான் அந்த எண். நூற்றுக்கு நூறு என்றால் காவல் பலம். செவ்வாய்க்குப் போகிற 'முந்நீர்' கப்பல் பூமியைவிட்டுக் கிளம்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கேப்டன் மாசிலாமணிக்கு அன்று முப்பத்தொன்று விழுந்தது. கலமோட்டி சூசைக்கு இருபத்தெட்டு. மற்றவர்களும் முப்பதைச் சுற்றித்தான்.

கடைசியாக இசக்கியம்மாள் விரலை விட்டாள். தொண்ணூற்று நான்கு.

"மிஷின் கெட்டுப்போச்சு," என்றார் மாசிலாமணி.

"அதென்ன சார், அஞ்சு மாசமா எனக்கு மட்டும் கெட்டுப்போவுது?" என்றாள் அவள். சூசை சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பன்னிரண்டு பேர் இருந்த அந்தக் கப்பலில் இசக்கியம்மாளுக்குக் கழிநீர்மீட்பியில் வேலை. எல்லாருடைய சிறுநீரும் வியர்வையும் அந்த இயந்திரத்துக்குள் போய், நுண்ணுயிர்ச் சேற்றில் ஊறி, நல்ல தண்ணீராகத் திரும்பி வரும். சேறு செத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. வடிகட்டியைக் கழற்றும்போது, எவ்வளவு கவனமாக இருந்தாலும், சேற்றுத் துளிகள் குண்டுமணிபோல உருண்டு மிதந்து வந்து கன்னத்தில் ஒட்டும். துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். குலசேகரன்பட்டினத்துப் பயிற்சியில் நானூறு பேரைத் தோற்கடித்துவிட்டு வந்தவள். அந்த இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லிவிடுவாள்.

சாப்பாட்டு மேசையில் மிதந்துபோகாமல் கட்டிக்கொள்ளப் பதினோரு இருக்கை வார்கள்தாம் இருந்தன. பன்னிரண்டாவதைக் கழற்றி, மீட்பி அறை வாசலில் மாட்டியிருந்தார்கள். 'தொட்டி வேலை பார்ப்பவர் தனியே உண்ண வேண்டும்' என்ற அந்த விதி பூமியில் எழுதப்பட்டதல்ல. கிளம்பிய மூன்றாம் நாள் மாசிலாமணி சேர்த்தது. ஜாதி என்ற சொல் அந்தக் கப்பலில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லாரும் படித்தவர்கள். கிருமி என்றார்கள்.

மேசையில் அவர்கள் தண்ணீர்ப் பையை உறிஞ்சுவதைப் பார்க்கும்போதெல்லாம் இசக்கியம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்: குடியுங்க, குடியுங்க, இது நான் ஆக்கிக் கொடுத்த தண்ணி.

அந்த வாரம் சூசையின் விலாவில் சரம் சரமாகக் கொப்புளம் கிளம்பியது. எரிச்சலில் துடித்தான்.

"அக்கி," என்றார் டாக்டர் ஜொஹரா பீவி. காயல்பட்டினத்துக்காரர்; எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "சின்னப் பிள்ளையில உனக்கு அம்மை போட்டுச்சுல்லா? அந்தக் கிருமி சாகல. நரம்புக்குள்ள இத்தனை வருசம் படுத்துக் கிடந்துச்சு. எடையில்லாம மிதக்கிறதும், கதிர்வீச்சும், மனசு உளைச்சலும் சேர்ந்து காவல்காரன் தூங்கிட்டான். திருடன் முழிச்சிக்கிட்டான்."

"ஊரா இருந்தா பானை வனையிற வேளார் காவி மண்ணைக் குழைச்சு, கொப்புளத்து மேல அக்கி எழுதுவாரு," என்று முனகினான் சூசை. "இங்க மண்ணுக்கு எங்க போவேன்?"

"செவ்வாய் முழுக்கக் காவி மண்ணுதான் தம்பி. இன்னும் ரெண்டு மாசம் பொறு, மேலெல்லாம் பூசி விடுதேன்," என்றாள் வாசலில் இருந்த இசக்கியம்மாள்.

சிரிப்பு நான்கு நாள்தான். மாசிலாமணியின் கண்ணோரத்தில் அக்கி வந்தது. மூன்று பேருக்கு நெஞ்சில் பூஞ்சை இறங்கியது. மருந்து கொடுத்தால் நோய் ஒதுங்கியது. மருந்து நின்றதும் திரும்ப வந்தது. காவல் இல்லாத வீட்டில் எத்தனை நாள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது?

ஜொஹரா பீவி எல்லாரையும் கூட்டினார். "இந்தக் கப்பல் ரொம்பச் சுத்தம். அதுதான் வினை. எதிரியையே பாக்காத காப்பணு சோம்பிப்போச்சு. தினமும் சேத்தோட மல்லுக்கட்டுற ஒருத்தியோடது மட்டும் முழிச்சிருக்கு. இசக்கி ரத்தம் கொஞ்சம் வேணும். அவளோட காப்பணுவை அணுவளர்ப்பியில பெருக்கி, எந்த உடம்பும் தள்ளாத மாதிரி மாத்தி, எல்லாருக்கும் ஏத்துறேன். வேற வழி இல்ல."

எல்லாப் பார்வையும் மீட்பி வாசலுக்குப் போனது.

"தாரேன்," என்றாள் இசக்கியம்மாள். "ஆனா ஒண்ணு. செவ்வாயில இறங்குற அஞ்சு பேர் பட்டியல்ல என் பேரு வேணும்."

மாசிலாமணி வீங்கிய கண்ணை மூடித் திறந்தார். "சரி. எழுதிக்கிறேன்."

ஆறு வாரத்தில் கப்பலே மாறிவிட்டது. காப்புமானியில் தொண்ணூறுக்குக் கீழே யாருக்கும் எண் விழவில்லை. அக்கி காய்ந்து உதிர்ந்தது. பதினோரு உடம்புக்குள்ளும் அவளுடைய காவல்காரர்கள் ரோந்து சுற்றினார்கள். வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தப் பதினோரு பேரையும் பார்ப்பாள். நெஞ்சு நிமிரும். வாரை மட்டும் யாரும் மேசைக்கு மாற்றவில்லை.

செவ்வாய் ஜன்னலை அடைத்து நின்ற நாளில் பட்டியல் வந்தது. அவள் பெயர் அதில் இல்லை.

"நல்லா யோசிச்சுத்தான் எடுத்தேன்," என்றார் மாசிலாமணி. "இப்ப நீ சாதாரண ஆள் இல்ல, இசக்கி. எங்க எல்லாருக்கும் உயிர் கொடுக்கிற மூலம் நீ. உன்னைக் கீழே அனுப்பி ஏதாவது ஆயிட்டா?"

"ஓஹோ. என் ரத்தம் இறங்கலாம், நான் இறங்கக் கூடாது."

"நீ தப்பா எடுத்துக்கிற."

"நான் எதையும் எடுத்துக்கல சார். கொடுத்துத்தான் பழக்கம்," என்றவள் மீட்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சூசை கதவு வரைக்கும் வந்தான். "யக்கா..." என்றான். பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

ஐவரும் இறங்கினார்கள். கீழே, இயந்திரங்கள் முன்பே கட்டி முடித்த குடில் ஒன்று ஆளில்லாமல் காத்திருந்தது. அதன் கதவுக்குப் பெயர் குருதிவாசல். எடையில்லாத பயணத்தில் முகம் உப்பிப்போகும், விரல்தோல் உரிந்துபோகும், மூக்கடைத்துக் குரலும் மாறும். அதனால் முகத்தையோ ரேகையையோ நம்பாமல், ஒரு சொட்டு ரத்தத்தில் உள்ள காப்பணுவைப் பார்த்து ஆளை அறியும்படி செய்திருந்தார்கள். பன்னிரண்டு பேரின் காப்பணுவும் பூமியிலேயே பதிவாகியிருந்தது. நோயாளிகளைப் பிழைக்கவைக்கிற அவசரத்தில் இந்த வாசலை நினைத்தவர் யாருமில்லை.

மாசிலாமணி முதல் காலடிக்கென்று மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியத்தைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு, கவச உடையின், ரத்தம் எடுக்கிற ஊசி பொருத்திய விரல்முனையை வாசலில் பதித்தார்.

"வணக்கம், இசக்கியம்மாள்," என்றது வாசல். "இறங்குவோர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அனுமதிக்க இயலாது."

மேலே கப்பலில் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. ஜொஹரா பீவி நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! அஞ்சு பேர் ரத்தத்துலயும் இவதானே இருக்கா!"

அடுத்தவர் விரல் வைத்தார். "வணக்கம், இசக்கியம்மாள்." அதற்கடுத்தவருக்கும் அதே வணக்கம். பட்டியலைத் திருத்தலாம் என்றால், கலம் தரையைத் தொட்டதுமே அது பூட்டிக்கொண்டுவிட்டது. இறங்கும் நேரத்துக்கு மட்டும் நிரப்பியிருந்த இறங்குகலத்தில் காற்று தீர்ந்திருந்தது. கவச உடைகளில் நாற்பது நிமிடத்துக்கு இருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றார் ஜொஹரா பீவி, இருபது நிமிடத்துக்கு மேலாக விதிகளைப் புரட்டிவிட்டு. "எலும்பு மஜ்ஜை வாங்கினவங்களுக்கு, கொடுத்தவங்களோட காப்பணுதான் ஓடும். அப்படி வர்ற சொந்தக்காரங்களுக்காக ஒரு விதி வச்சிருக்காங்க. காப்பணுவுக்கு உரியவர் உறவைச் சொல்லணும். வாசல்ல நிக்கிறவர் அதையே தன் வாயால சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனா திறக்கும்."

கீழேயிருந்து மாசிலாமணியின் குரல் வந்தது. "இசக்கியம்மா... கேக்குதா? கொஞ்சம் சொல்லுங்க."

ஏழு மாதத்தில் முதல் 'அம்மா'. முதல் 'சொல்லுங்க'. இசக்கியம்மாள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். பேசாமல் இருந்துவிடுவதற்கு ஒரு கணம் அவளுக்கு நேரம் இருந்தது. ஆனால் அந்த ஐந்து உடம்புக்குள்ளும் ஓடுகிறவை அவளுடைய பிள்ளைகள் மாதிரி. அவற்றை மூச்சுமுட்டிச் சாகவிட அவளால் ஆகாது.

"அஞ்சு பேரும் என் தம்பிமாருதான்," என்றாள்.

"வாசலில் நிற்பவர் உறவைச் சொல்லவும்," என்றது குருதிவாசல்.

"சக பணியாளர்," என்றார் மாசிலாமணி.

"அது உறவு அல்ல."

பின்னால் நின்ற சூசை அவரைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்து விரலை வைத்தான். "அக்கா! அவங்க எனக்கு அக்கா! குலசேகரன்பட்டினத்துல பாத்த அன்னையில இருந்தே அக்காதான்!"

"இசக்கியம்மாளின் தம்பி, வருக." கதவு திறந்தது. செவ்வாயில் ஒரு வீட்டுக்குள் முதலில் காலடி வைத்தவன் சூசை. மற்ற மூவரும் 'அக்கா, அக்கா' என்று சொல்லிக்கொண்டே அவன் பின்னால் நுழைந்தார்கள்.

மாசிலாமணி வெளியே நின்றார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இசக்கியம்மாளுக்கு முப்பத்தாறு. கவசத்துக்குள் காற்றுமானி ஒன்பது நிமிடம் காட்டியது. எட்டு ஆயிற்று.

"சார்," என்றாள் மேலேயிருந்து, மெதுவாக. "சும்மா சொல்லுங்க. கிருமி ஒண்ணும் ஒட்டிக்கிடாது."

ஏழு.

"அக்கா," என்றார் மாசிலாமணி.

வாசல் திறந்து அவரை உள்ளே விட்டது. பிறகு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. யாராலும் அழிக்க முடியாத பதிவேட்டில் ஒரு வரி எழுதி, அதைப் பூமிக்கு அனுப்பியது. பதினோரு நிமிடம் கழித்து ஊர் உலகமெல்லாம் அதைப் படித்தது:

செவ்வாய், வீட்டு எண் 1. குடும்பத் தலைவி: இசக்கியம்மாள். உறுப்பினர்கள்: தம்பிமார் ஐவர்.

கப்பலில் ஜொஹரா பீவி திருகுளியோடு மீட்பி வாசலுக்குப் போய், பன்னிரண்டாவது வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்குக் கழட்டுதிய டாக்டர்?" என்றாள் இசக்கியம்மாள். "மேசையில அஞ்சு காலியா கெடக்கு. நடுவுல இருக்கிற கேப்டன் வாரு எனக்கு அளவா இருக்கும்."