கூம்பு ஃபில்டர்

புது ஃபில்டர் மாட்டி வாசலில் நிறுத்திய வண்டியில் ஷெர்வின் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், சமையலறையில் போன் பேசிக்கொண்டிருந்த அவன் மனைவி பியூலா பாதி வார்த்தையில் நின்றுபோனாள். காலை எடுத்தான். விட்ட இடத்திலிருந்தே அவள் பேச்சு தொடர்ந்தது. தற்செயல் என்று உதட்டைப் பிதுக்கினான்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் டர்போ கார் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குத் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் மேல் அவனுக்கு அப்படி ஒரு இளக்காரம். கம்பெனி மாட்டிக் கொடுத்த காகித ஏர் ஃபில்டரோடு இந்த வண்டியை ஓட்டுவது, ஓடுகிறவன் மூக்கில் துணி கட்டுகிற மாதிரி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆண்டர்சன்பேட்டையில் வால்டர் கடையில் காகிதத்தைக் காட்டினார்கள், பெட்டிக்குள் உட்காரும் பருத்தியைக் காட்டினார்கள். அவன் கண் போனது, மூடியே இல்லாமல் திறந்து நிற்கிற சிவப்புப் பருத்திக் கூம்பின் மேல்.

"இதான் நல்லா இழுக்கும், சவுண்டும் வரும்," என்றார் வால்டர். "ஆனா எண்ணெ போட்டாதான் தூசி நிக்கும். அது இப்போ ஸ்டாக் இல்ல தம்பி. அடுத்த வாரம் வாங்க."

"சயனைடு மேட்டுத் தூசிக்கு பயந்தா இந்த ஊர்ல மூக்கே வெச்சுக்க முடியாதுண்ணா."

ஒரு வாரம் பொறுக்க அவனால் ஆகவில்லை; கூம்பை அன்றே வாங்கிவந்துவிட்டான். சுரங்கக் கழிவு குவிந்த அந்த மேட்டிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் பியூலாவுக்கு வீசிங் வரும். நெஞ்சில் தடவிக்கொள்ள பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பைபிள் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்துப் பருத்தியின் மடிப்பு மடிப்பாக ஊற்றினான்.

"இன்னாங்க இது? என் மூச்சுக்காக ஜெபிச்ச எண்ணெ அது!"

"உனக்குத்தான் ஒண்ணும் வேலை செய்யல. இதுவாவது நல்லா மூச்சு வுடட்டும்."

அவள் அழுதாள். அவன் கூம்பை மாட்டி பானெட்டைச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த மத்தியானம், மேட்டுத் தூசி தெருவை வெளுப்பாக்கி, நாக்கில் மண்ணாகவும் மூக்கில் பழைய இரும்பு வாடையாகவும் இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு டைட்டஸ் கேட்கட்டும் என்று வாசலில் வண்டியை உறுமவிட்டான். கூம்பு நீளமாக, ஆசையாக இழுத்தது. வாசற்படியில் பியூலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலை எடுத்தான். அவளுக்கு மூச்சு வந்தது.

நடிப்பு, என்று நினைத்தான். நிரூபிக்கவேண்டும் போலிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி மிதித்தான், அடிவரைக்கும்.

இந்த முறை காலை எடுத்தும் அவளுக்கு மூச்சு திரும்பவில்லை.

இன்ஹேலர் அவள் வாயில் வீணாகச் சீறியது. டைட்டஸ் ஓடிவந்து தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். "கோலார் ஆஸ்பத்திரிக்குப் போ, சீக்கிரம்!"

ஷெர்வின் சீக்கிரமாகத்தான் போனான். ஊர் தாண்டி ரோடு காலியானதும் முழுதாக மிதித்தான். கூம்பு இழுக்கும் சத்தம் கண்ணாடி வழியாக, டேஷ்போர்டு வழியாக, அவன் பல்லுக்குள்ளேயே கேட்டது. அதில் ஒரு மெல்லிய விசில். அந்த விசிலை அவன் அறிவான். ராத்திரியெல்லாம் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எரிச்சலோடு தலையணையால் காதை மூடிக்கொண்டு கேட்ட விசில்.

திரும்பினான். அவள் உதடு நீலமாக இருந்தது.

காலைத் தளர்த்தினான். நீலம் கொஞ்சம் வெளுத்தது. மிதித்தான். கறுத்தது.

மெதுவாகப் போனால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. வேகமாகப் போனால் இவள் உயிரோடு போய்ச் சேரமாட்டாள். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக இவள் செத்துவிடக்கூடாது என்று பயந்தான். ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்தான்.

அமைதி.

விசில் நிற்கவில்லை.

"பியூலா?"

அவள் நெஞ்சு அசையவில்லை. கண் மட்டும் அவனைப் பார்த்தது. ஓடிப்போய் பானெட்டைத் திறந்தான். இன்ஜின் ஓடாமல், விசிறி சுற்றாமல், சிவப்புக் கூம்பு மட்டும் விரிந்து சுருங்கியது. விரிந்து சுருங்கியது. கையை வைத்தான். காய்ச்சல்காரியின் முதுகுபோல் சுட்டது. கிளிப்பைக் கழற்றினால் போதும், கையோடு வந்துவிடும்.

வந்தால் மூச்சு அவளுக்குத் திரும்புமா? அறுந்துபோகுமா?

"பியூலா, சொல்லு. இன்னா பண்றது, சொல்லு."

விரல் கிளிப்பின் மேலேயே இருந்தது. உள்ளங்கையின் அடியில் பருத்தி ஒருதரம் விரிந்தது. வெகுநேரம் கழித்து, இன்னொரு தரம். இந்தத் தடவை பாதிதான்.