நாலாவது புள்ளி

காலையில் பாலத்தோடு முடிந்திருந்த ரயில் பாதை, மதியத்துக்குள் ஓடையைத் தாண்டியிருந்தது.

ஃபர்ஹா கண்ணைக் கசக்கிவிட்டு, மேசைமேல் விரித்திருந்த வரைபடத் தாளைக் குனிந்து பார்த்தாள். துணி ஒட்டிய பழைய தாள். வாடிப்பட்டிப் பக்கத்து ஓடைப் பள்ளமும், நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் பாலமும் ரயிலுமாக அடித்துக்கொண்டு போன கிளைப் பாதையும் அதில் இருந்தன. பழைய தாளை இன்றைய நிலத்தோடு பொருத்துவது அவள் வேலை. இரண்டிலும் இருக்கிற நான்கு இடங்களைக் கணினியில் பிணைக்க வேண்டும். கோயில், கண்மாய் மடை, எல்லைக்கல் மூன்றும் கிடைத்துவிட்டன. நாலாவதுதான் சிக்கவில்லை. தாளில் பெயரில்லாத வீடு ஒன்று, கறுப்புப் புள்ளியாக, ஏறக்குறைய அவளுடைய புது வீடு இருக்கிற இடத்தில் இருந்தது. காலையிலேயே இரண்டையும் பிணைத்திருந்தாள்.

“ஒங்க வீட்டையா வச்சீங்க?” பக்கத்து மேசை சூரியபிரகாஷ் சிரித்தான். “சரிதான்க்கா, இனி ரயிலு ஒங்க வாசல்லதான் நிக்கும்.”

“பேச்சப் பாரு. போயி டீ வாங்கிட்டு வா.”

அவன் படியிறங்கும் ஓசை அடங்கியதும், அந்த மதுரை அலுவலகத்தின் மூன்றாவது மாடி அறையில் மின்விசிறியின் முனகலுக்கு அடியிலிருந்து, தொலைவில் யாரோ இரும்பை இரும்பால் தட்டுவதுபோல வேறொரு சத்தம் சீராகக் கேட்க ஆரம்பித்தது. கூடவே சேற்று வாடை. தாளைத் தொட்டாள். ஈரம். அவள் விரலுக்கடியில் பாதை ஒரு மயிரிழை நகர்ந்தது.

புள்ளியை நோக்கி.

வீட்டில் ஆறு வயது ஷைமா, ராத்திரி வேலை முடிந்து தூங்கும் தன் அப்பாவோடு இருந்தாள். போன் போட்டதும் மகளே எடுத்தாள்.

“அம்மா, பாத்திரமெல்லாம் ஆடுது. அத்தா எந்திரிக்கவே மாட்டேங்குறாக. வெளிய ரயிலு சத்தம். பாத்துட்டு வாரேன்.”

“கதவத் தொறக்காதடி!”

“என்னயக் கூப்பிடுறாங்கம்மா.”

ஃபர்ஹா திரையில் வீட்டுப் புள்ளியை அழித்தாள். திரும்ப வந்தது. அழித்தாள். வந்தது. இழுத்துப் பார்த்தாள். நகர்ந்தது.

எங்கே வைப்பது? வைக்கிற இடத்திலெல்லாம் ஒரு வீடு. ஒரு பிள்ளை.

மதுரைக்கு இழுத்தாள். இந்தத் தெரு. இந்தக் கட்டடம்.

விட்டாள்.

“அம்மா, சத்தம் போயிருச்சு.”

மின்விசிறி நின்றது. மேசை அதிர்ந்தது.

மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, வெயிலை மறைத்துக்கொண்டு, சேற்று நீர் சொட்டச் சொட்ட, ஒரு ரயில் பெட்டியின் ஜன்னல் வந்து நின்றது.

உள்ளே இருந்தவர்கள், அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.