கணுவுக்கு மேலே

மீன்தொட்டியின் விளக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தும், உள்ளே இருந்த செடிகள் எல்லாம் படுக்கையறைக் கதவின் பக்கம் சாய்ந்திருப்பதைத் தையல்காரர் ஒரு மாலையில் கவனித்தார். வெளிச்சத்தை விட்டு இருட்டைத் தேடும் செடியை அவர் கண்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி மூன்று மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

தொட்டி அவள் வைத்தது. சில தண்டுகளை நட்டு, விரல் நீளத்தைத் தாண்டவிடாமல் கிள்ளிக் கிள்ளி, குட்டையான அடர்ந்த புதராக வளர்த்திருந்தாள். அவள் படுத்ததிலிருந்து கிள்ள ஆளில்லை. தண்டுகள் மெலிந்து நெட்டையாகி நீர்மட்டத்தை முட்டின. அடி இலைகள் கறுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

தையல் மெஷினின் மிதியை நிறுத்திவிட்டு அவர் காது கொடுத்தார். தொட்டி மோட்டாரின் முனகல், கதவிடுக்கில் கசிந்த அவளுடைய இழுப்பு மூச்சு, அந்த மூச்சு வெளியேறும் நேரம் பார்த்து இலை நுனிகளிலிருந்து கிளம்பிய சின்னச் சின்னக் குமிழ்கள். மூச்சு தயங்கியபோது குமிழ்களும் நுனியிலேயே தயங்கி நின்றன. உள்ளே போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தார். அவள் கால் விரல்கள் கறுத்திருந்தன. பூச்சாடியில் பல நாள் தேங்கிய தண்ணீரின் வாடை இரண்டு அறையிலும் ஒன்றுபோல அடித்தது.

டாக்டர் எப்போதோ கைவிரித்துவிட்டார். மறுநாள் காலை தையல்காரர் போய் நின்றது வளர்ப்பு மீன் கடையில். விவரத்தில் பாதியைத்தான் சொன்னார். கடைக்காரர் சிரித்தார்.

“விட்டா ஒசந்துக்கிட்டே போய் அடி செத்துரும்ணே. கணுவுக்கு மேல வெட்டி விடுங்க. வெட்டுன எடத்துல ஒண்ணுக்கு ரெண்டா துளிர்க்கும். துணி வெட்டுற கைக்கு நான் சொல்லித் தரணுமா?”

வாடிக்கையாளரின் துணியில் ஒரு சாண் துண்டைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாத மனிதர் அவர். சின்ன நேர்மைகளைக் கடவுள் மறப்பதில்லை என்று நம்பியவர். வீடு திரும்பி, தொட்டியின் முன் கண்ணை மூடி நின்று, எந்த உருவத்திலாவது அவளை எனக்கே விட்டு வை என்று வேண்டிக்கொண்டார். பிறகு பாவாடை விளிம்புக்குக் குறிப்பதுபோல, சாக்குக்கட்டியால் கண்ணாடியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். மீன் வளர்ப்பவர்கள் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வெட்டுவார்கள். அவருக்குத் தெரிந்தது தையல். ஒரே கோட்டில், ஒரே மூச்சில், எல்லாவற்றையும் வெட்டினார்.

கொழுந்துகள் மிதந்தன.

குமிழ்கள் நின்றன. கதவுக்கு அப்பால் மூச்சும் நின்றது.

மோட்டார் மட்டும் முனகியது. ஈரக் கத்தரிக்கோலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவர் பாதத்தில் விழுந்தது. அவர் நகரவில்லை.

பிறகு ஒரு குமிழ். பக்கத்திலேயே இன்னொன்று. வெட்டுவாய்களிலிருந்து. இரண்டிரண்டாக.

“ஏங்க.”

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் கூப்பிட்டிருந்தாள். அவர் கண் நிறைந்தது. கடவுளே என்றார்.

“ஏங்க.”

இரண்டாவது குரல், முதல் குரல் முடியும்வரை காத்திருக்கவில்லை.

“தாகமா இருக்குங்க.”

“தாகமா இருக்குங்க.”

கை பழக்கத்தில் டம்ளரையும் கரண்டியையும் எடுத்தது. கால் போனது. கதவு திறந்தது.

தலையணை தட்டையாக இருந்தது. அதில் தலை இல்லை. போர்வைக்கு மேலே, கழுத்து முடிந்த இடத்தில், நேர்கோடு. ரத்தம் இல்லை. அந்தக் கோட்டின் மேல், பச்சைப் பிள்ளையின் கைமுட்டி அளவில், வெளிறிய இரண்டு துளிர்கள். இரண்டிலும் அவள் நெற்றி. இரண்டிலும் அவள் மச்சம்.

தொட்டி வெளிச்சம் கதவு வழியாக விழ, இரண்டும் மெல்ல அதன் பக்கம் திரும்பின. அவரைப் பார்த்தன. வாயைத் திறந்தன.

அவர் கையில் ஒரு கரண்டிதான் இருந்தது.