தானாக விலகியவர்

மனநலச் சிகிச்சைப் பயிற்சிக்காகத் தனுசியா ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்து அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது ஓகஸ்ட் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டொன் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற பழைய செங்கல் வீடு அது. மேல்மாடியில் ஆராய்ச்சி, நடுவில் வகுப்பறை, கீழே பின்பக்கமாகச் சிகிச்சை அறை.

ஆறாத மனக்காயத்தோடு வருபவர்களுக்கு அங்கே காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்தைக் கொடுப்பார்கள். அது மனத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் நோயாளி கண்ணைக் கட்டிக்கொண்டு, காதில் இசையோடு கட்டிலில் படுத்திருப்பார். இருபுறமும் இரண்டு பேர் காவல் இருப்பார்கள். மருந்தின் வேகம் இறங்கும்வரை நோயாளியை ஒரு கணமும் தனியே விடக்கூடாது. முதல் வகுப்பிலேயே டொக்டர் அருள்நாயகம் அதை அழுத்திச் சொன்னார்.

அந்த மையத்தின் தலைவர் அவர்தான். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார், மத்தியானம் பாடம் எடுப்பார், பின்னேரம் ஆய்வு எழுதுவார். ஸ்காபரோ தமிழர்களுக்கு அவர் குரல் நல்ல பழக்கம். மனவருத்தத்தை மறைக்காதேங்கோ என்று வானொலியில் கனிவாகச் சொல்லும் குரல் அது.

சிகிச்சை அறை அழகாகத்தான் இருந்தது. மெத்தென்ற கம்பளம், மங்கிய விளக்கு, லவெண்டர் வாசனை. ஆனால் அந்த வாசனைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கனநாளாகத் திறக்காத குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம். பின்வளவுக்குப் போகும் கதவின் பக்கம் அது கூடுதலாக இருந்தது. அந்தக் கதவை உள்ளிருந்து யாரும் திறக்கலாம். வெளியே போனால் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

தனுசியா முதன்முதலில் காவலிருந்தது ஸ்டெபனி என்ற பெண்ணுக்கு. வடக்கே ஒரு ஏரிக்கரை ஊரிலிருந்து வந்தவள். மகளை விபத்தில் பறிகொடுத்தவள். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவள். கட்டிலின் மறுபக்கம் மூத்த சிகிச்சையாளர் றொனால்ட் இருந்தார்.

மத்தியானம் தாண்டியதும் ஸ்டெபனி நடுங்கத் தொடங்கினாள். றொனால்ட் போர்வையை இழுத்துவிட்டார். நடுக்கம் நிற்கவில்லை. உதடுகள் நீலம் பாரித்தன.

பிறகு அவள் பேசினாள்.

"கதவத் திறங்க மனே. குளிருது."

தனுசியா குனிந்து அவள் வாயைப் பார்த்தாள்.

யாழ்ப்பாணத்தார் 'திறவுங்கோ' என்பார்கள். 'திறங்க' என்பதும், மகனே என்பதை 'மனே' என்பதும் மட்டக்களப்புப் பேச்சு. தனுசியாவின் அம்மா வீட்டில் பேசும் பேச்சு.

"மேல நிண்டு பாக்கான். கண்டும் வாறான் இல்ல."

குரல் ஸ்டெபனியின் குரல் இல்லை. வயது போன, தொண்டை கட்டிய ஒரு குரல். றொனால்ட் என்ன மொழி அது என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். தனுசியா பதில் சொல்வதற்காக நிமிர்ந்தபோது, வாசலில் டொக்டர் அருள்நாயகம் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் அவரைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"டொக்டர், அது ஆர்?"

"ஆரும் இல்லை. நீரும் வரவேற்பு மேசை அன்ரனெற்றும் வாசல்ல நிண்டு கதைக்கிறது நோயாளியளின்ரை காதில விழும். மருந்து எல்லாத்தையும் கிளறும்."

"அன்ரனெற் அன்ரி யாழ்ப்பாணம், டொக்டர். அவ உப்பிடிக் கதைக்கிறேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உம்மடை வேலையைப் பாரும்."

வரவேற்பு மேசையில் இருந்த அன்ரனெற்றிடம் அந்தப் பேச்சைச் சொன்னதும் அவர் நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"மனோரஞ்சிதம்," என்றார் மெல்ல. "சென் ஜேம்ஸ் ரவுணில மகன் நிரூபனோட இருந்தவ. மட்டக்களப்பு ஆள். சண்டையில புருசனைப் பறிகுடுத்தவ. போன மாரிக்குளிரில இஞ்சை மருந்து எடுக்க வந்தவ."

"என்ன நடந்தது அன்ரி?"

"அண்டைக்கு ஸ்னோ கொட்டுது. டொக்டர் எங்கள் எல்லாரையும் வெள்ளனவே வீட்டை அனுப்பிப்போட்டார். தான் பாக்கிறன் எண்டார். பின்னேரம் கூட்டிக்கொண்டு போக மகன் வந்தால், அம்மா தானா எழும்பி வெளியில போட்டா எண்டு சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் பள்ளத்தாக்குக்குள்ள, ஸ்னோவுக்குக் கீழ இருந்து எடுத்தவங்கள்."

"மருந்து இறங்க முதல் எப்பிடி அன்ரி தனிய விட்டவர்?"

அன்ரனெற் மாடிப்படியைப் பார்த்தார்.

போன மாரியில் மருந்து எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வின் முடிவுகளைப் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருந்தார் டொக்டர். எல்லாருக்கும் நல்ல சுகம், ஒருவர் மட்டும் தானாக விலகிக்கொண்டார் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார். அந்த ஒருவர் மனோரஞ்சிதம்தான் என்று தனுசியாவுக்கு இப்போது விளங்கியது.

அதன் பிறகு அந்தக் கட்டிலில் படுத்த ஒவ்வொருவரும் நடுங்கினார்கள். சீனக் கிழவர் ஒருவர், பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர். எல்லார் வாயிலும் அதே சொல். கதவத் திறங்க மனே. பயிற்சிக்கு வந்தவர்கள் அந்த அறைக்குள் போக மறுத்தார்கள்.

டொக்டர் அருள்நாயகம் வகுப்பில் மேசையைத் தட்டினார். பயிற்றுநர்களும் மருந்தை எடுத்துப் பார்க்க அனுமதி உண்டு என்றும், நாளைக்குத் தானே படுக்கப்போவதாகவும் அறிவித்தார். பயம் எப்படித் தொற்றும் என்பதற்கு இது நல்ல பாடம் என்று சிரித்தார். சிரிப்பு கண்வரைக்கும் வரவில்லை.

அடுத்த நாளும் நல்ல வெயில். பின்வளவில் சில்வண்டுகள் இரைந்துகொண்டிருந்தன. அவர் மருந்தை விழுங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தார். ஒருபக்கம் றொனால்ட், மறுபக்கம் தனுசியா. மூலையில் வழக்கம்போல எல்லாவற்றையும் பதியும் கமரா.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு சில்வண்டுகள் நின்றன.

தட்... தட்... தட்.

பின்கதவு. வெளியிலிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். றொனால்ட் எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வெறும் புல்வெளி. அவர் திரும்பியபோது அவர் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

அறை அவ்வளவு குளிர்ந்துவிட்டிருந்தது.

கட்டிலில் கிடந்தவர் பேசினார். இம்முறை அவருடைய சொந்தக் குரல், வகுப்பில் கேட்கும் அதே நிதானமான குரல்.

"கொஞ்சம் பொறுங்கோ. வகுப்பு முடியட்டும்."

தட். தட்.

"முக்கியமான ஆக்கள் கம்பியூட்டர்ல பாத்துக்கொண்டிருக்கினம். இடையில எழும்பி வரேலாது. ஒரு கொஞ்ச நேரம்."

அவருடைய உதடுகள் கோணின. அதே வாயிலிருந்து மற்றக் குரல் வந்தது.

"என்னக் கண்டயா மகன்?"

"கண்டனான்," என்று அழுதார் டொக்டர். "ஜன்னலால கண்டனான். பின்கதவைத் தட்டிக்கொண்டு நிண்டனீங்கள். இறங்கி வர நினைச்சனான். வந்து பாக்க உங்களைக் காணேல்லை."

"ஏன் தேடல்ல?"

அவர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்தார்.

"ஏன் தேடல்ல?"

"தேடினால் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றார் அவர், மிகச் சிறிய குரலில்.

தனுசியாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. பயத்தாலா கோபத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் சோர்ந்து, நகத்தால் சுரண்டும் சத்தமாகியது. அந்தச் சத்தத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு தாய் அப்படிச் சுரண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். மேலே ஒருவன் பாடம் நடத்தியிருக்கிறான்.

எழுந்து கதவடிக்குப் போனாள். றொனால்ட் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"வேண்டாம், தனுசியா," என்று கட்டிலிலிருந்தும் குரல் வந்தது. கண்ணைக் கட்டியிருந்தவர் அவளை நேரே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பியிருந்தார். "திறக்காதையும். கும்பிட்டுக் கேக்கிறன். அவ உள்ளுக்கு வந்தா நான் வெளியில."

தனுசியா கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா," என்றாள். "உள்ளுக்கு வாங்க."

வெயில் விழுந்தது. யாரும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஈரக் கம்பளியின் மணம். அதன் பின்னால், மெல்ல, ஒரு நீண்ட பெருமூச்சு. நெடுநேரம் நின்று களைத்துக் கால் ஆறியவர் விடும் மூச்சு.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அறை சூடாகிவிட்டது. சில்வண்டுகள் மறுபடி இரைந்தன. டொக்டர் அருள்நாயகம் மட்டும் எழுந்து முழங்காலில் நின்று, கட்டிலுக்கு மேலே இருந்த வெறுங்காற்றை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார்.

"திறவுங்கோ! ஆராவது திறவுங்கோ!"

காற்றைத் தட்டிய அவருடைய விரல்கள் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வெளிறி, பிறகு நீலமாகி, நுனியில் கறுத்தன.

கோடை நடுவில் பனி கடித்த விரல்களோடு ஒரு மனிதர் வந்ததை ஆஸ்பத்திரியில் யாராலும் விளக்க முடியவில்லை. மருந்தின் வேகம் இறங்கியிருக்க வேண்டிய நேரம் கடந்தது. நாட்கள் கடந்தன. அவர் திரும்பி வரவில்லை. கமராப் பதிவைப் பொலிஸார் எடுத்துக்கொண்டு போனார்கள். நிரூபனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டான். "அது அம்மான்ர குரல்தான்," என்று மட்டும் சொன்னான். மையத்தை மூடிவிட்டார்கள். அவருடைய ஆய்வையும் அதை வெளியிட்டவர்கள் விலக்கிக்கொண்டார்கள்.

இலையுதிர் காலத்தில் தனுசியா ஒருநாள் மத்தியானம் அவரைப் பார்க்கப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தான் திறந்த கதவு எதற்கு வழிவிட்டது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஆஸ்பத்திரி அறை நிறைய வெயில். ஹீற்றர் கொதித்தது. அவர் போர்வைகளுக்குள் குளிரில் பல் கிட்டிக்கொண்டு கிடந்தார். தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. தனுசியாவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர்," என்றாள்.

அவர் விழிகள் மெல்ல நகர்ந்தன. வாசலிலிருந்து அறை நடுவுக்கு. அங்கிருந்து கட்டிலடிக்கு. யாரோ நடந்து வருவதைப் பின்தொடர்வதுபோல.

பிறகு அவர் முனகிக்கொண்டே, உடம்பைச் சுருக்கி, கட்டிலின் சுவரோரமாக ஒதுங்கினார்.

அவர் ஒதுங்கிய இடத்தில், தனுசியாவின் கண் முன்னால், மெத்தை மெல்ல அமுங்கியது.