செல்லப்பாண்டி வீட்டுத் தாய்ப்பத்திரம்

2006, ஆவணி மாதம். விருதுநகர். காலை எட்டரை மணி.

தாய்ப்பத்திரத்தைக் காணோம்.

வீட்டை விற்கப்போகும் செல்லப்பாண்டி தன் முன்கூடத்தில் உட்கார்ந்து அதைச் சாவகாசமாகத்தான் சொன்னார். "டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. சாமான் ஒதுக்கும்போது எங்கனயோ போயிட்டு. போலீஸ்ல எழுதிக்குடுத்துச் சான்று வாங்கியாச்சு. நகல் இருக்கு. வாரிசுச் சான்று இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

வீட்டை வாங்க வந்தவன் ஊர்க்காவலன். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றித் தோள் காய்த்துப்போன ஆள் அவன். அவனும் பெஞ்சாதியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் இந்த வீட்டுக்குள் போகப்போகிறது. பதினோரு மணிக்குப் பதிவு. நாளைக்கு எவனாவது வந்து இது என் வீடு என்று நின்றால், மறுபடி சேர்க்க உடம்பில் தெம்பு இல்லை.

பத்திரம் எழுதும் கற்பகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுறவுக ஆபீசுல உக்காந்து எழுதணும்" என்றார் செல்லப்பாண்டி. "சுவரு நல்லாருக்கான்னு பாக்கவா வந்தீக?"

"வாய் நனைக்காம எந்த வீட்டுக்கும் பத்திரம் எழுதுறதில்ல அண்ணாச்சி. காப்பி இருக்கா?"

மாரிசெல்வி உள்ளே போனாள். செல்லப்பாண்டியின் மனைவி.

கற்பகவல்லி சுவரைப் பார்த்தாள். ஊர்க்காவலனும் பார்த்தான். வெள்ளையடித்து நாளாகிவிட்ட சுவர். அதில் மூன்று இடம் மட்டும் சதுரம் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. ஆணிகள் அப்படியே இருந்தன. நான்காவது ஆணியில் கல்யாணப் படம். செல்லப்பாண்டி பெரிய மீசையோடு குனிந்து தாலி கட்டுகிறார். மாரிசெல்வி தலைகவிழ்ந்து இருக்கிறாள். அவள் பிடரிக்குப் பின்னால் வளையல் போட்ட இரண்டு கைகளும், பூவுக்குள் பாதி மறைந்த ஒரு முகமும்.

காப்பி வந்தது. கற்பகவல்லியின் கேள்வியும் வந்தது.

"வீடு எப்ப வாங்குனது?"

"எங்கல்யாணம் முடிஞ்சு மறுவருசம். அப்பாவோட சொந்தச் சம்பாத்தியம். மொளகா வத்தல் கமிஷன்ல வந்தது."

"உயில்?"

"எழுதாமலே செத்துட்டாரு. அம்மா அவருக்கு முன்னயே போயாச்சு."

"கூடப்பிறந்தவுக?"

"ஒத்தப் பிள்ளை."

"பெரியப்பா, சித்தப்பா மக்க?"

"அப்பாவும் ஒத்தை. அம்மாவும் ஒத்தை. பங்குன்னு சொல்லி வாசல்ல வந்து நிக்க ஒரு நாதி கிடையாது. இம்புட்டுச் சுத்தமான சொத்து இந்த டவுன்ல எங்க கிடைக்கும்?"

ஊர்க்காவலனுக்கு நெஞ்சு லேசாயிற்று. கற்பகவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஊர்க்காவலா, இன்னைக்குப் பதிவு இல்லப்பா."

"யக்கா?"

"தாய்ப்பத்திரம் தொலையல. நகலை மட்டும் குடுத்தப்பவே அடமானத்துல இருக்கோன்னு விசாரிச்சேன், எங்கயும் இல்ல. அப்படின்னா பங்குள்ள ஆளு கையிலதான் இருக்கணும். தெருவுல கேட்டேன். இவுக குடிவந்ததுலருந்து வேற யாரையும் பாத்ததில்லங்காக. சரிதான், அந்த ஆளு இந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்ல போல."

"எந்த ஆளு? சும்மா வாய்க்கு வந்ததப் பேசாதீக" என்று எழுந்தார் செல்லப்பாண்டி.

"உக்காருங்க. முத முடிச்சு மாப்பிள்ளை போடுவாரு. மத்த ரெண்டும் யாரு போடுவா?"

கற்பகவல்லி எழுந்துபோய்க் கல்யாணப் படத்தில் விரலை வைத்தாள்.

"மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி போடும். கூடப்பிறந்தவ இல்லன்னா பெரியப்பா சித்தப்பா மக போடும், அம்மா வழியில ஒரு பிள்ளை போடும். அந்தக் கதவையெல்லாம் நீங்களே ஒவ்வொண்ணா அடைச்சிட்டீக. அப்ப இந்தம்மா பின்னால தெரியுற கை யாரு கை அண்ணாச்சி?"

ஊர்க்காவலன் படத்தைத் திரும்பப் பார்த்தான். முன்கூடத்தில் மூன்று நாள் வந்து உட்கார்ந்திருக்கிறான். மீசையைத்தான் பார்த்திருக்கிறான். இப்போது அந்தப் பாதி முகம் படத்தைவிட்டு வெளியே வந்து நிற்பதுபோல் இருந்தது.

"அந்தப் பிள்ளை இருந்த மத்த படத்தையெல்லாம் கழட்டிட்டீக" என்றாள் கற்பகவல்லி. "தாலி கட்டுற படத்தைச் சுவத்துலருந்து இறக்க எந்தப் பொம்பள சம்மதிப்பா? பொய் சொல்லி வாரிசுச் சான்று வாங்கினது நீங்க. காணாமப் போனது பத்திரம் இல்ல, கூடப்பிறந்தவ."

செல்லப்பாண்டி மனைவியை முறைத்தார். மாரிசெல்வி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"முருகம்மா மதினி. இவுக கூடப்பிறந்த அக்கா. அச்சங்குளத்துல இருக்காக. எங்க கல்யாணம் முடிஞ்ச கையோட சாதி விட்டுக் கட்டுனாகன்னு இவுக சேத்துக்கல."

பிற்பகல் இரண்டேகால்.

அச்சங்குளத்துக்கு ஊர்க்காவலனே சைக்கிள் மிதித்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான். முருகம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். விரல் நகமெல்லாம் பட்டாசு வேலையின் அலுமினியப் பொடி. வாசல்படியில் ஏறாமல் நின்றாள். கையில் மஞ்சள் பை, அதற்குள் தாய்ப்பத்திரம்.

"கண் ஆபரேசனுக்கு அப்பா எங்கிட்டதான் இருந்தாரு. அப்பக் குடுத்தது" என்றாள். பிறகு தம்பியைப் பார்க்காமல் ஊர்க்காவலனைப் பார்த்தாள்.

"அப்பா செத்ததச் சொல்ல எனக்கு ஆள் வரல. வீட்ட வாங்குற அண்ணன் நீங்க வந்தீக. எங்கன கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

ஊர்க்காவலன் வாசலைவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

"மொதல்ல உள்ள வாங்க. இன்னும் இது உங்க வீடுதான்."